அரிசி மூட்டைக்கு ஒரு சைக்கிள்

ரொறன்ரோ
15 ஒக்ரோபர் 1989

அன்புள்ள மச்சாளுக்கு,

நானும் என் பழைய இருமலும் சேர்ந்து சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணையும் எப்படி? பள்ளிக்கூடத்தில் இந்த வருடமும் விஞ்ஞானத்தோடு கணக்கையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா?

ஒரு புதினம். நான் சைக்கிள் வாங்கிவிட்டேன். பின்னேரங்களில் நான் கூட்டித் துடைக்கிற விளையாட்டுச் சாமான் கடையிலேயே வாங்கினேன். மவுண்டன் பைக் என்று பெயர், மலையேறுகிற சைக்கிள். நான் இருக்கிற பக்கத்தில் மலை கிடையாது. ஆனால் கடைசி பஸ் போன பிறகுதான் எனக்கு வேலை முடிகிறது. கடையில் சைக்கிள் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற வியற்நாம்காரர் ஒருவர் இருக்கிறார். "விலை கூடினதுக்கும் குறைந்ததுக்கும் பாரம்தான் வித்தியாசம். பெயின்றைப் பார்க்காதே, ரயரையும் கியரையும் பார்" என்று சொல்லி, முதல்முதல் வாங்குகிறவர்களுக்கென்று செய்த மலிவான ஒன்றை எடுத்துத் தந்தார். தடித்த ரயர், பல்லுப் பல்லாக இருக்கிறது. சின்னக் கியருக்கு மாற்றினால் சேற்றிலும் மெல்ல மெல்ல ஏறும்.

அதில் போகும்போதெல்லாம் அனலைதீவின் மணல்தான் நினைவுக்கு வருகிறது. அண்ணையின் றலிச் சைக்கிளை இயக்கப் பெடியள் ஒருநாள் இரவல் என்று வாங்கிப் போய் இரண்டு வருடமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்படியொன்றை அவருக்குக் கொழும்பில் எடுக்கலாம். உங்கள் அரியநாயகம் அண்ணை கடை வைத்திருக்கிறார்தானே, அவருக்கு எழுதுகிறேன். எப்படிப்பட்டது வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

என் அகதி வழக்கை இன்னும் கூப்பிடவில்லை. அடுத்த ஆடிக்கு என்கிறார் சட்டத்தரணி. அதற்குமுன் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி வர ஏலாது. அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் வெளிக்கிட்டு நின்றபோது அண்ணை கொழும்புக்கு வந்து போன் எடுத்துத் தடுத்தார். இன்னொருமுறை அப்படியொன்று வந்தால் நான் போன் எடுக்கமாட்டேன், பிளேன் ஏறிவிடுவேன். அதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

உங்கள் கடிதம் நாலு பக்கம் இருந்தாலும் அடியில் அண்ணை கிறுக்குகிற இரண்டு வரியைத்தான் முதலில் படிக்கிறேன். கோபிக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் மச்சாள்
ஞானசவுந்தரி


அனலைதீவு
26 நவம்பர் 1989

அன்புள்ள அரியநாயகம் அண்ணைக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க நயினை அம்மன் துணை நிற்பாள். இங்கத்தைய நலம் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலை கிணற்றடிக்குப் போன இவர் வாளியோடு விழுந்துவிட்டார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சுக் குழறுகிறது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இப்போது கரம்பனில் ஒரு பரியாரியார் எண்ணெய் பிடித்துக் காலை அசைக்கப் பழக்குகிறார். கிழமையில் இரண்டு முறை போக வேண்டும். விட்டுவிட்டால் கால் விறைத்துப்போகும் என்கிறார்.

போவதுதான் பாடு. வீட்டிலிருந்து துறைக்கு மணல். பிறகு வள்ளம். அங்கே இறங்கிக் கரம்பனுக்கு இன்னொரு தூரம். முதல் முறை அயலில் இருக்கிற மார்க்கண்டுவும் தம்பியும் கதிரையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். வாசிகசாலைக்கு முன்னால் இருந்தவர்கள் மரியாதைக்கு எழும்பி நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும் இவர், "செத்தவனைக் கொண்டு போகேக்கைதான் எழும்பி நிக்கிறது. இனிக் கதிரையிலை ஏறமாட்டன்" என்றார். அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் எழுதப் போவதில்லை. அன்றிலிருந்து போகவில்லை.

மார்க்கண்டுவின் சைக்கிள் கரியரில் இருத்திப் பார்த்தோம். மெல்லிய ரயர், மணலில் புதைந்து சரிந்துவிட்டது. அவரையும் எந்த நாளும் தோட்டத்தை விட்டு வாருங்கள் என்று கேட்க ஏலாது. நானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். சிரிக்க வேண்டாம், கம்பசில் படிக்கிற காலத்தில் ஓடினவள்தான்.

ஞானசவுந்தரி உங்களுக்கு ஒரு சைக்கிள் விஷயமாக எழுதுவா. செய்து கொடுங்கள். ஆனால் இவருடைய நிலைமையை மட்டும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் வந்துவிடுவா. வந்தால் அவவுடைய வழக்கு முடிந்தது, திரும்பிப் போகவும் வழியில்லை. விழுந்த பிறகு இவர் பேசின முதல் பேச்சே "தங்கச்சிக்கு எழுதாதை" என்பதுதான்.

அன்புத் தங்கை
சத்தியபாமா


அனலைதீவு
20 டிசம்பர் 1989

அன்புள்ள ஞானசவுந்தரிக்கு,

உமது இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியும். அங்கே கொத்தமல்லி கிடைக்கும் என்று நம்புகிறேன். இங்கே மாரி மழை ஒழுங்காகப் பெய்து கிணறுகள் நல்ல தண்ணீராக இருக்கின்றன. கணக்கும் என் தலையில்தான்.

உமது மலைச் சைக்கிளைப் பற்றி வாசித்துக் காட்டினேன். அண்ணைக்குச் சிரிப்பு. இந்தத் தீவில் உயரமான இடம் கோயில் கோபுரம் ஒன்றுதான் என்றார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது அந்தத் தடித்த ரயரும் சின்னக் கியரும். அதை நம்பி எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அந்த வியற்நாம்காரரிடம் கேட்டு எழுதும். கரியர் நல்ல பலமாக இருக்க வேண்டும். துறையில் இறங்குகிற அரிசி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவர ஆள் பிடிப்பது இப்போது பெரும்பாடு. விலையில் மலிவானதையே பாரும். பெயின்றைப் பற்றிக் கவலை இல்லை.

அண்ணையின் இரண்டு வரி இந்த முறை இல்லை. அவர் மார்க்கண்டுவின் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், தபாற்காரர் வாசல் படலையில் நிற்கிறார்.

வழக்கைக் கவனமாகப் பாரும்.

அன்புடன்
சத்தியபாமா


ரொறன்ரோ
28 ஜனவரி 1990

அன்புள்ள மச்சாளுக்கு,

கொத்தமல்லி கிடைத்தது, இருமல் போகவில்லை. அண்ணை தோட்டத்துக்குப் போனாராம். நல்லது. அவருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வியற்நாம்காரரிடம் கேட்டேன். கரியர் என்றதும் சிரித்துவிட்டார். மலைச் சைக்கிளுக்குக் கரியரும் கிடையாது, மட்காட்டும் கிடையாது, செயின் கவரும் ஸ்ராண்டும் கிடையாது. வெறும் எலும்பு. ஆனால் பிறேமின் பின்பக்கத்தில் ஓட்டை வைத்த காதுகள் இருந்தால் கரியர் பூட்டலாமாம். மலிவானதில் அது அநேகமாக இருக்கும், விலை கூடினதில் இருக்காது. பாருங்கள், மலிவிலும் ஒரு நன்மை. அலுமினியம் வேண்டாம், இரும்புப் பிறேம் எடுக்கச் சொன்னார். பாரம் கூட, ஆனால் உடைந்தால் ஊரிலேயே ஒட்டலாம்.

அடுத்தது பிறேமின் உயரம். அண்ணையின் கால் நீளம் அளந்து அனுப்புங்கள். அவருக்குப் பெரிய பிறேம்தான் சரி, இல்லாவிட்டால் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும். சைக்கிள் பழக்கும்போது சின்னப் பிள்ளையான என்னைத் தன் பெரிய பிறேமில் ஏற்றிவிட்டு "வளர்ந்த பிறகு எனக்கு நன்றி சொல்லுவாய்" என்றவர் அவர்.

அவருடைய வரிகள் எனக்குக் கடனாக இருக்கின்றன. சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஞானசவுந்தரி


அனலைதீவு
25 பெப்ரவரி 1990

அன்புள்ள ஞானசவுந்தரிக்கு,

பனிக்குள் சைக்கிள் ஓடுகிறீர் என்பதை நினைத்தால் எனக்குப் பயம். கையுறை போடாமல் வெளிக்கிட வேண்டாம். நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம்.

பிறேமைப் பற்றி யோசித்தேன். பெரியது வேண்டாம், சின்னதே போதும். பிறேமின் குறுக்குக் கம்பியும் சரிந்து, உயரமில்லாமல் பதிவாக இருந்தால் நல்லது. நானும் ஓடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், சேலையோடு ஏற இறங்கச் சுகமாக இருக்கும். இரும்பு என்பது சரி. ஆனால் வள்ளத்தில் தூக்கி ஏற்ற வேண்டுமே, முன்சில்லைக் கையால் கழற்றலாமா என்று கேளும்.

கரியர் அகலமாக, கொஞ்சம் பதிவாக இருக்க வேண்டும். மேலே ஒரு மெத்தைத் துண்டு வைத்துக் கட்ட வசதி வேண்டும். பின்சில்லின் அச்சில் இரண்டு பக்கமும் கால் வைக்கிற கட்டை பூட்ட ஏலுமா? மூட்டை ஏற்றின பிறகு பிறேக் பிடித்தால் முன்னால் கவிழாதா? சின்னக் கியரில், மணலில், என் வயதுப் பெண் ஒருத்தி அந்தப் பாரத்தோடு நிற்காமல் ஓட ஏலுமா? நின்றால் திரும்ப மிதிப்பது கடினம் என்பதால் கேட்கிறேன்.

அண்ணையின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. யாழ்ப்பாணம் போய் மாற்றும்வரை எழுதமாட்டாராம்.

அன்புடன்
சத்தியபாமா


ரொறன்ரோ
16 ஏப்ரல் 1990

அன்புள்ள மச்சாளுக்கு,

பதில் பிந்திவிட்டது. எனக்குச் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் இப்போது முக்கியம்.

நீங்கள் கேட்டவை.

பின் அச்சில் கட்டை பூட்டலாம். இரும்புக் குழாய்த் துண்டு போதும், வழுக்காமல் மேலே ரியூப் துண்டு சுற்ற வேண்டும். முன்சில்லு கையால் கழரும். மெத்தையைக் கட்டுவதைவிடக் கரியரோடு தைப்பது நல்லது. கரியருக்குப் பின்னால் ஒரு சாய்வு ஒட்டுவிக்கலாம், முதுகளவு உயரத்துக்கு. ஏற்றும்போது ஒருவர் பின்னால் பிடிக்க வேண்டும். பின்பிறேக்கை முதலில் பிடியுங்கள், பிறகு முன்பிறேக்கை. மணலில் ரயருக்குக் காற்றுக் கொஞ்சம் குறைத்து விடுங்கள், புதையாது. ஓட ஏலும். நான் கடைக்குப் பின்னால் வியற்நாம்காரரை ஏற்றி ஓடிப் பார்த்தேன். சின்னக் கியரில், முன்னால் பார்த்துக்கொண்டு, மெல்ல. நிற்காமல் ஓட ஏலும் மச்சாள்.

அரியநாயகம் அண்ணையோடு பேசுகிறேன்.

ஞானசவுந்தரி


கொழும்பு
30 ஏப்ரல் 1990

தங்கச்சி சத்தியபாமாவுக்கு அரியநாயகம் எழுதுவது. நாங்கள் நலம், கடவுள் புண்ணியத்தில் மச்சான் தியாகலிங்கமும் தேறி வரட்டும்.

சைக்கிள் எடுத்தாச்சு. தைவான் சாமான். கடையில் இருந்ததில் மலிவானது, ஆனால் இரும்பு நல்ல இரும்பு. யாழ்ப்பாணம் வருகிற நம்பிக்கையான லொறியில் போட்டுவிட்டேன். பின்னுக்குச் சாய்வும் கால்கட்டையும் ஒட்டுவித்திருக்கிறேன். ஒட்டுகிற ஆள் என்னைப் பார்த்து, "முதலாளி, இது சைக்கிளோ கதிரையோ" என்று கேட்டான்.

இனிச் சொல்லப் போவதை யோசித்துப் பார். ஞானசவுந்தரி போன் எடுத்தா. சாய்வைப் பற்றியே பேசினா. நான் தெரியாதவன் மாதிரி, "அரிசி மூட்டைக்கு ஏன் பிள்ளை முதுகு" என்றேன். "மூட்டை சாயும் அண்ணை" என்றா.  அதுக்குப் பிறகு, யாழ்தேவி ரயில் ஒழுங்காக ஓடுதோ, கொழும்பில் இறங்கினால் அடுத்த நாளே ஊருக்குப் போகலாமோ என்று கேட்டா. ஓடுது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் ஏன் சொன்னேன் என்று இருந்தது.

மறைத்தது போதும் என்று எனக்குப் படுகுது. நீ படித்தவள், உனக்குத் தெரியும்.

அரியநாயகம்


அனலைதீவு
20 மே 1990

அன்புள்ள ஞானசவுந்தரிக்கு,

இந்த முறை சுகம் விசாரித்து, பிறகு பொய் எழுத எனக்கு மனமில்லை. போன கடிதத்தில் நீர் அண்ணையின் இரண்டு வரியைக் கேட்கவில்லை. முதல்முறையாகக் கேட்கவில்லை. அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொள்ளப் பயந்து இவ்வளவு நாள் இருந்தேன்.

அண்ணைக்குத் தீபாவளியோடு பாரிசவாதம் வந்தது. வலது பக்கம். இதுவரை நான் எழுதின தோட்டமும் இல்லை, உடைந்த கண்ணாடியும் இல்லை. அந்தக் கோபுரப் பகிடியும் நான் கட்டியதுதான். எழுதாதை என்றது அவர், ஆனால் கை என்னுடையது.

சைக்கிள் வந்து சேர்ந்தது. முற்றத்தில் நிறுத்தியதும் அவர் இடது கையால் அந்தச் சாய்வை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். "மூட்டைக்கு ஆர் முதுகு வைச்சது?" என்று கேட்டார். பிறகு தானே, "அவளுக்குத் தெரிஞ்சிட்டுது" என்றார்.

அதில் ஏற மாட்டேன் என்று இரண்டு நாள் அடம். "பொம்பிளை ஓட நான் பின்னாலை குந்துறதோ?" என்றார். "அப்ப கதிரையைக் கொண்டுவரச் சொல்லட்டோ?" என்றேன். உடனே இடது கையை மார்க்கண்டுவிடம் நீட்டினார். மார்க்கண்டு தூக்கி இருத்தினார். வலது காலைக் கட்டையோடு பழைய சேலைத் துண்டால் கட்டினோம். ரயரில் காற்றைக் குறைத்தேன், சின்னக் கியரில் போட்டேன், நீர் சொன்னபடி முன்னால் மட்டும் பார்த்தேன். மணலில் பின்சில்லு ஒருமுறை வழுக்கியது. அவருடைய இடது கை என் இடுப்புச் சேலையைப் பற்றிக்கொண்டது. கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் தெருவில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

நான் அஞ்சியது வாசிகசாலையடியை. அங்கே அன்றைக்கு ஒருவரும் எழும்பவில்லை. சந்திக்கடைக் கதிர்காமு மட்டும் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, "தியாகலிங்கம், ரிக்கற் எடுத்தனியோ?" என்று கேட்டார். இவர் குழறிக் குழறி, "சீசன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் உடம்பு குலுங்கியதில் சைக்கிள் ஆடியது, எனக்கு விழப் பயமாக இருந்தது. ஆனால் நான் நிறுத்தவில்லை.

கரம்பனுக்கு இப்போது ஒழுங்காகப் போகிறோம். பரியாரியார் ஊன்றுகோலோடு நிற்பாட்டிப் பார்க்கிறார். நடப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீர் வர நினைக்கிறீர் என்று அறிந்தேன். வரவேண்டாம். உம்மைப் பார்த்தால் அவர் மகிழ்வார், பிறகு உம்முடைய வழக்கைத் தான்தான் கெடுத்தேன் என்று மிச்சக் காலமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பார். உம்மைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கீழே இருப்பது அவர் இடது கையால் எழுதியது. எழுத்தைப் பார்த்து அழ வேண்டாம்.

சத்தியபாமா

தங்கச்சி, எனக்கு வாகனம் வந்திட்டுது.
நீ வழக்கை முடிச்சுப்போட்டு வா.


ரொறன்ரோ
3 ஜூன் 1990

அன்புள்ள மச்சாளுக்கு,

என் ஏப்ரல் கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை. நலம் கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்பீர்கள்.

அரிசி மூட்டைக்குக் கால் இல்லை மச்சாள். கால் வைக்கக் கட்டை வேண்டும் என்ற வரியை நான் கடையில் வைத்துத்தான் வாசித்தேன். வாசித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டேன். வியற்நாம்காரர் என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தானே கூட்டினார்.

கேட்டால் நீங்கள் இன்னொரு பொய் எழுத வேண்டி வரும். உண்மையை எழுதினால் நான் வர வேண்டி வரும். அதனால் இரண்டு பேரும் சைக்கிளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தோம். பிறேக்கைப் பற்றியும் காற்றைப் பற்றியும் நான் எழுதினதெல்லாம் அண்ணையைப் பற்றித்தான். என்னால் இனி அப்படி எழுத ஏலாது.

இந்த மாதம் இருபத்திநாலாம் திகதிக்கு ரிக்கற் எடுத்துவிட்டேன். சட்டத்தரணிக்குச் சொல்லவில்லை. அண்ணைக்கும் சொல்லாதீர்கள், தடுப்பார். அவருடைய வரி ஒன்று வந்திருந்தால் ஒருவேளை நின்றிருப்பேன். வரவில்லை.

ஞானசவுந்தரி


மானிப்பாய்
9 செப்ரெம்பர் 1990

அன்புள்ள ஞானசவுந்தரிக்கு,

நீர் எங்கே இருக்கிறீர் என்று தெரியாமலே நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

உமது ஜூன் மாதக் கடிதம் யாழ்ப்பாணத் தபாற்கந்தோரில் கிடந்து போன கிழமைதான் என் கையில் கிடைத்தது. நீர் அதை எழுதின அடுத்த கிழமையே இங்கே திரும்பச் சண்டை தொடங்கிவிட்டது. ரயில் இல்லை, போன் இல்லை. அரியநாயகம் அண்ணையிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. என்னுடைய மே மாதக் கடிதம், அவருடைய இரண்டு வரியோடு, நீர் பிளேன் ஏறுமுன் உமக்குக் கிடைத்ததா? சண்டை என்று கேட்டு நின்றீரா, அல்லது அதைக் கேட்டதாலேயே வெளிக்கிட்டீரா? இரண்டும் நீர் செய்யக்கூடியவைதான்.

நாங்கள் சிகிச்சைக்கென்று கரம்பனில் வந்து தங்கியிருந்தோம். ஓகஸ்டில் ஷெல் விழத் தொடங்கியதும் சனத்தோடு சனமாக வெளிக்கிட்டோம். நடக்க ஏலாதவர்களைச் சில வீடுகளில் விட்டுவிட்டுப் போனார்கள். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களிடம் இந்தச் சைக்கிள் இல்லை. வேலணைக் கரையில் முன்சில்லைக் கழற்றி வள்ளத்தில் போட்டோம். அராலியில் இறங்கித் திரும்பப் பூட்டினேன். வழியில் இவர், "என்னை இறக்கிவிட்டிட்டு நீ போ" என்றார். "சீசன் ரிக்கற்காரரை இடையிலை இறக்க ஏலாது" என்றேன்.  இப்போது ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருக்கிறோம். பின்ரயர் தேய்ந்துவிட்டது. அந்தத் தடிப்பில் இங்கே ரயர் இல்லை, ஒட்டுப்போடச் சொலூசனும் வருவதில்லை. அதனால் அவசரத்துக்கு மட்டும் எடுக்கிறேன்.

கொழும்புக்குப் போகிற ஒருவர் நாளைக்குக் காலை வெளிக்கிடுகிறார். இதே கடிதத்தை இரண்டு பிரதி எழுதி அவரிடம் கொடுக்கிறேன். ஒன்று உமது ரொறன்ரோ விலாசத்துக்கு. மற்றது அரியநாயகம் அண்ணையின் விலாசத்துக்கு, நீர் வந்து இறங்கி வழி இல்லாமல் அங்கே நின்றால் வாசிக்க. இரண்டிலும் நான் எழுதியது ஒன்றுதான். அடியில் இவர் எழுதியது வேறு வேறு. உமது கைக்கு ஒன்றுதான் வரும் என்பதால் இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

ரொறன்ரோவுக்குப் போவதில் உடனே எழுதிக் கொடுத்தார்.

'வராமல் விட்டது நல்லது. அழாதை.'

எது உம்மிடம் வந்து சேர வேண்டும் என்று கேட்டால், நான் தயங்காமல் ரொறன்ரோ என்பேன். இவரிடம் கேட்டேன்.  கொழும்புக்குப் போவதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நான் விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தபோதுதான் எழுதிக்கொண்டிருந்தார். மற்றதைவிட எழுத்து நேராக இருக்கிறது, கவனமாக எழுதியிருக்கிறார்.

'வந்திட்டாய். ஏசமாட்டன், பயப்படாதை.'

அன்புடன்
சத்தியபாமா